வட்டுக்கோட்டைச் செமினரியில் ஆங்கிலக் கல்வியும் தமிழாராய்ச்சியும்

பிறமொழியொன்று அரசியல் வலிமையோடு ஒரு நாட்டினுட் புகுங்கால், அந்நாட்டார் தாய்மொழிக்கு இருவகை விளைவுகளுள் ஒன்று நேர்தல் கூடும். கற்றோர் தம் மொழியைக் கைவிட்டுப் பிறமொழியையே ஊதியத்துக்கும் பெருமைக்கும் உரியதெனக் கொள்வது ஒன்று. பிறமொழி வாயிலாகக் கிடைத்த புதிய அறிவைக் கருவியாகக் கொண்டு தம் மொழியையே மீட்டும் நோக்கி, அதன் செல்வங்களை ஆராய்ந்து வெளிப்படுத்துவது மற்றொன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்திலே இவ்விரண்டும் ஒருங்கே நிகழ்ந்தன. அவை நிகழ்ந்தவாற்றை அறிதற்கு வட்டுக்கோட்டைச் செமினரியின் வரலாற்றைப் போலப் பயன்படுவது பிறிதொன்றில்லை. 1823ஆம் ஆண்டு முதல் 1855ஆம் ஆண்டு வரை முப்பத்திரண்டு ஆண்டுகளே நிலவிய அக்கலைக்கூடத்தின் மாணவர்கள் தமிழ் அகராதிக்கும், தமிழ் உரைநடைக்கும், இலக்கிய வரலாற்றுக்கும், பழந்தமிழ் நூற்பதிப்புக்கும் ஆற்றிய தொண்டு, அவர்களைச் சேர்த்துக் கற்பித்தோர் கருதியதினும் வேறாய், அதனினும் பெரிதாய் முடிந்தது.

அமெரிக்க மிஷனைச் சார்ந்த பாதிரிமார் 1816ஆம் ஆண்டு இலங்கையை அடைந்து, யாழ்ப்பாணத்திலே தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் தங்கள் நிலையங்களை அமைத்தனர். போர்த்துக்கேயர் காலத்தில் எழுந்து பின்னர்ப் பாழடைந்து கிடந்த கோயிற் கட்டடங்களே அவர்களுக்கு முதல் இருப்பிடங்களாயின. ஊர்தோறும் தமிழ்ப் பாடசாலைகளை நிறுவிய அவர்கள், அவற்றிற் பயின்ற மாணவருட் சிறந்தோரைத் தெரிந்து உயர்கல்வி அளித்தற்கு ஒரு கல்லூரி வேண்டுமெனக் கருதி, 1823ஆம் ஆண்டிலே அதற்கான திட்டமொன்றை அச்சிட்டு வெளியிட்டனர். அமெரிக்கப் பாதிரிமார் மேலும் வந்து சேர்தற்கு அக்காலத்து இலங்கையரசாங்கம் இசையவில்லை. ஆதலாற் கருதிய அளவிற் கல்லூரி உருவாகாது, மத்திய பாடசாலையெனத் தொடங்கிப் பின்னர்ச் செமினரி என்னும் பெயராலே அது வழங்கலாயிற்று. அதன் முதற் றலைவராயமைந்தவர் தானியேல் பூவர் என்பார். அவருக்குப்பின் ஹென்றி ஹொய்சிங்டன் அப்பொறுப்பினை ஏற்றார்.

அத்திட்டத்தின் நோக்கங்களைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். ஆங்கிலத்திலே செவ்வையான பயிற்சி அளித்தல் முதலாவதாகச் சொல்லப்பட்டது. அதனை அடுத்து வைக்கப்பட்டது தமிழிலக்கியப் பயிற்சியே. தெரிந்தெடுத்த சிலர்க்குச் சமஸ்கிருதமும், வேறு சிலர்க்கு எபிரேயம், இலத்தீன், கிரேக்கம் என்பனவும் கற்பித்தல் அதன்பின் கூறப்பட்டது. புவியியல், வரலாறு, கேத்திரகணிதம், இயற்கை விஞ்ஞானம், வானநூல் முதலியனவும் பாடங்களாக வகுக்கப்பட்டன. ஆங்கிலம் எதற்கென்றால், ஐரோப்பிய அறிவியல் நூல்களெல்லாம் அம்மொழியிற் கிடந்தமையால் என்க. தமிழ் எதற்கென்றால், செந்தமிழ் கல்லாதவன் இந்நாட்டுக் கற்றோரவையில் மதிக்கப்படான் என்பதனை அப்பாதிரிமார் நேரிற் கண்டறிந்தமையால் என்க. அவர்தம் உள்ளக்கிடக்கை சமயம் பரப்புதலே என்பதில் ஐயமில்லை. எனினும், சமயம் பரப்புவோனுக்கும் செந்தமிழ் இன்றியமையாதது என்னும் நிலையினை உண்டாக்கியது யாழ்ப்பாணத்துப் புலமை மரபே. அம்மரபு வலியிழந்து கிடந்திருப்பின், செமினரியின் பாடத்திட்டத்திலே தமிழுக்கு இரண்டாமிடம் கிடைத்திராது.

அதற்கு முன்னிருந்த கல்வி முறை எத்தகையது? திண்ணைப் பள்ளியிலே மணலில் எழுதிப் பழகிய பிள்ளை, நீதிநூல்களையும் நிகண்டையும் மனனஞ் செய்து, பின்னர்ப் புலவர் ஒருவரை அடுத்து நன்னூலையும் புராணங்களையும் பாடங்கேட்பான். ஆசிரியர் சொன்ன பொருளை வழுவாது போற்றுதலே மாணாக்கன் கடன். நினைவாற்றலையும் சொல்வளத்தையும் வளர்த்தலில் இம்முறை இணையற்றது. ஆயின், ஒரு நூலின் காலம் யாது, இரண்டு ஏடுகளிற் பாடம் வேறுபட்டால் எது கொள்ளத்தக்கது, முன்னோர் கூறியது கண்கூடான காட்சியோடு பொருந்துமா என்றற்றொடக்கத்து வினாக்களுக்கு அம்முறையில் இடம் குறைவு. செமினரி புகுத்திய புதுமை ஆங்கில எழுத்தும் இலக்கணமும் மாத்திரமல்ல. இத்தகைய வினாக்களை எழுப்பும் பழக்கமும் அதனோடு வந்தது.

இதற்கு எடுத்துக்காட்டாக 1829ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்து நிகழ்ச்சியொன்றைக் கூறலாம். அராலியூர் விசுவநாத சாஸ்திரியார் அக்காலத்திலே பெயர்பெற்ற பஞ்சாங்க கணிதர். அவர் கணித்த பஞ்சாங்கத்திற் குறிக்கப்பட்டிருந்த சந்திரகிரகணம் ஒன்றின் காலமும் அளவும் பிழையென்று பூவர் முன்னரே கூறித் தம் கணிப்பை வெளியிட்டார். குறித்த இரவிலே பலரும் கூடி நோக்கியபோது பூவர் கணிப்பே காட்சியோடு ஒத்தது. இந்நிகழ்ச்சியைப் பாதிரிமார் தம் சமயத்துக்குக் கிடைத்த வெற்றியெனப் போற்றினர். கணிதப் பிழையொன்றினால் ஒரு சமயம் பொய்யாகுமென்பது தருக்க நெறிக்கு ஒவ்வாது. ஆனால், அங்கு கூடியிருந்த மாணவர் உள்ளத்திலே வேறொரு பாடம் பதிந்திருத்தல் வேண்டும். அஃதாவது, எத்துணைப் பழமையான வாய்பாடும் காட்சியினாற் சோதிக்கப்படல் வேண்டும் என்பது. மறுபுறம், நம்முன்னோர் வானநூலறிவும் புறக்கணிக்கப்படவில்லை. ஹொய்சிங்டன் தமிழ்ச் சோதிட கணித நூலொன்றை ஆங்கில மொழிபெயர்ப்போடும் விளக்கக் குறிப்புகளோடும் 1848ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் அச்சிடுவித்தார். அவரே சிவஞானபோதம், சிவப்பிரகாசம், தத்துவக்கட்டளை என்னும் சைவநூல்களை ஆங்கிலத்திற் பெயர்க்க, அவை 1854ஆம் ஆண்டு அமெரிக்கக் கீழைத்தேயக் கழகத்தின் சஞ்சிகையிலே வெளிவந்தன. கற்பிக்க வந்தவரும் கற்கவேண்டியவராயினர் என்பது இதனாற் பெறப்படும்.

செமினரி மாணவர் தமிழுக்கு ஆற்றிய தொண்டினை நால்வகையாகப் பகுத்து நோக்கலாம். முதலாவது பத்திரிகையும் உரைநடையுமாம். 1841ஆம் ஆண்டு ஜனவரி மாதத்திலே ‘உதயதாரகை’ தோன்றியது. தமிழும் ஆங்கிலமும் ஒருங்கே தாங்கி வந்த இப்பத்திரிகையின் முதலாசிரியர்களான ஹென்றி மாட்டின், சேத் பேசன் என்போர் பெயராலன்றிப் பிறப்பால் அயலாரல்லர். செமினரியிற் பயின்ற யாழ்ப்பாணத் தமிழரே. மாணவர்க்குப் பொருளுதவி செய்த அமெரிக்கர்தம் பெயர்களைச் சூட்டுதல் அங்கு வழக்கமாயிருந்தது. ஒரே பொருளை இருமொழியிலும் எழுதவேண்டிய கட்டாயம், சுற்றிவளைத்துச் சொல்லும் பழைய உரைநடையைச் சுருக்கித் தெளிவாக்கியது. செய்யுளாற் சொல்லப்பட்டு வந்த அறிவுப்பொருள்கள் வசனத்திற் பொதுமக்களைச் சென்றடைந்தன.

இரண்டாவது அறிவியலைத் தமிழில் ஆக்கும் முயற்சி. நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை 1850ஆம் ஆண்டிலே ‘நியாய இலக்கணம்’ என்னும் தருக்க நூலை வெளியிட்டார். கறல் விசுவநாதபிள்ளை 1855ஆம் ஆண்டிலே ‘வீசகணிதம்’ இயற்றினார். இவ்விருவரும் செமினரியிற் கற்று அங்கேயே கற்பித்தவர்கள். ஐரோப்பியர் தருக்கத்தையும் கணிதத்தையும் தமிழிற் சொல்லப் புகுந்தபோது, கலைச்சொல் இல்லையென்று அவர்கள் கைவிட்டாரல்லர். வடமொழி தென்மொழித் தருக்கநூல்களிலும் கணிதநூல்களிலும் முன்னரே வழங்கிய சொற்களைத் தேடியெடுத்தனர். இல்லாதவிடத்துப் புதியன படைத்தனர். ஒரு பொருளைப் பிறமொழியிற் கற்றவன் அதனைத் தன் மொழியிற் சொல்ல முயலும்போதே தான் அதனை உள்ளவாறு விளங்கிக்கொண்டானா என்பது புலனாகும். மொழிபெயர்ப்பு அவர்களுக்கு ஆங்கிலப் பயிற்சியாகவும் தமிழாராய்ச்சியாகவும் ஒருங்கே பயன்பட்டது.

மூன்றாவது சொல்லாராய்ச்சியும் இலக்கிய வரலாறும். 1842ஆம் ஆண்டிலே மானிப்பாயில் அச்சேறிய தமிழகராதி ஏறத்தாழ 58,500 சொற்களைக் கொண்டது. உடுவிற் சந்திரசேகர பண்டிதர் தொகுத்த அந்நூல் ‘மானிப்பாய் அகராதி’ எனவும் ‘யாழ்ப்பாண அகராதி’ எனவும் வழங்கும். நிகண்டு கற்ற மரபுப் புலவரின் தொகுப்பும் மிஷன் அச்சுக்கூடமும் அதனிடத்து இணைந்தன. யோசேப்பு நைற் என்னும் பாதிரியார் தொகுக்கத் தொடங்கிய பொருளைக் கொண்டு மைரன் வின்சுலோ நிறைவாக்கிய தமிழ் ஆங்கிலப் பேரகராதி, 67,000க்கு மேற்பட்ட சொற்களோடு 1862ஆம் ஆண்டு சென்னையில் வெளிவந்தது. இலக்கிய வரலாற்றிலே ஆர்ணல்ட் சதாசிவம்பிள்ளையின் ‘பாவலர் சரித்திர தீபகம்’ குறிப்பிடத்தக்கது. சைமன் காசிச்செட்டி 1859ஆம் ஆண்டு ஏறத்தாழ 200 புலவர் வரலாறுகளை ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டிருந்தார். செமினரி மாணவரான சதாசிவம்பிள்ளை 1886ஆம் ஆண்டிலே அத்தொகையை இரட்டிப்பாக்கி, 400க்கு மேற்பட்ட புலவர்களின் வரலாற்றைத் தமிழிலேயே தந்தார். கன்னபரம்பரைக் கதைகள் பல அந்நூலிற் கலந்துள்ளமை உண்மையே. எனினும் ஈழத்துப் புலவர் பலரின் பெயரும் பாடலும் மறையாது நிலைத்தமைக்கு அந்நூல் பெருங்காரணமாயிற்று.

நான்காவது, ஏனைய மூன்றினும் தலையாயது, பழந்தமிழ் நூற்பதிப்பு. இதனைச் செய்தவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. 1832ஆம் ஆண்டு பிறந்த இவர் 1844ஆம் ஆண்டு செமினரியிற் சேர்ந்து எட்டாண்டு பயின்றார். பின்னர்க் கோப்பாயில் ஆசிரியராயிருந்து, பேர்சிவல் பாதிரியார் அழைப்பினாற் சென்னை சென்று ‘தினவர்த்தமானி’ப் பத்திரிகையை நடத்தினார். 1857ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது பி. ஏ. தேர்விலே தேறியவர் இருவர். ஒருவர் தாமோதரம்பிள்ளை, மற்றவர் அவர்க்குச் செமினரியில் ஆசிரியராயிருந்த கறல் விசுவநாதபிள்ளை. ஆசிரியரும் மாணவரும் ஒரு தேர்வில் ஒருங்கே முதற் பட்டதாரிகளானமை கல்வி வரலாற்றிற் காண்டற்கரிய செய்தியாம். அவர்கள் கற்ற செமினரி மூடப்பட்டு ஈராண்டளவிலேயே இது நிகழ்ந்தமையும் நினைத்தற்குரியது.

பட்டமும் அதனால் வந்த பதவியும் தாமோதரம்பிள்ளையைத் தமிழினின்றும் பிரித்தில. 1868ஆம் ஆண்டு, நல்லூர் ஆறுமுக நாவலர் பரிசோதித்த தொல்காப்பியச் சொல்லதிகாரச் சேனாவரையத்தை அச்சிட்டார். 1881ஆம் ஆண்டு வீரசோழியமும், 1883ஆம் ஆண்டு இறையனாரகப்பொருளும் தணிகைப்புராணமும், 1885ஆம் ஆண்டு தொல்காப்பியப் பொருளதிகாரமும், 1887ஆம் ஆண்டு கலித்தொகையும், 1889ஆம் ஆண்டு இலக்கணவிளக்கமும் சூளாமணியும் அவர் முயற்சியால் வெளிவந்தன. எட்டுத்தொகையுள் முதன்முதல் அச்சு வாகனமேறியது அவர் பதிப்பித்த கலித்தொகையே. கட்டவிழ்க்கும்போது இதழ் ஒடிந்தும், புரட்டும்போது துண்டாகியும் அழிந்துகொண்டிருந்த ஏடுகளைக் கண்டு அவர் உள்ளம் உருகியமை அவர்தம் பதிப்புரைகளால் அறியப்படும். ஏடுகளை ஊரூராகத் தேடித் தொகுத்து ஒப்புநோக்கியும், பாடவேறுபாடுகளைச் சீர்தூக்கியும், நூலின் காலத்தையும் ஆசிரியர் வரலாற்றையும் ஆராய்ந்து நெடிய பதிப்புரை வரைந்தும் அவர் கையாண்ட நெறியிலே இரண்டு பயிற்சிகளின் கூட்டு விளங்குகின்றது. இலக்கணமும் உரைமரபும் தமிழ்ப் புலமையின் கொடை. காலவாராய்ச்சியும், கூற்றுக்குச் சான்று வேண்டி நிற்கும் மனப்பான்மையும் ஆங்கிலக் கல்வியின் கொடை. அவர் காலவரையறைகளுட் பல பிற்காலத்தார் ஆராய்ச்சியினால் மறுக்கப்பட்டன. ஆயினும் காலத்தை ஆராய்தல் வேண்டுமென்னும் நெறி மறுக்கப்படவில்லை.

ஈண்டு ஒரு தடை எழலாம். உ. வே. சாமிநாதையர் 1887ஆம் ஆண்டு சீவகசிந்தாமணியைப் பதிப்பித்துப் பின்னர்ச் சங்கநூல்கள் பலவற்றை உலகுக்கு அளித்தாரன்றோ? அவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளையிடம் பழைய முறையிலே பாடங்கேட்டவர். ஆங்கிலக் கல்லூரியிற் கற்றவரல்லர். ஆறுமுக நாவலரும் தம் தமிழைப் புலவர்களிடமே பெற்றார். ஆகவே ஆங்கிலமின்றியும் தமிழாராய்ச்சி வளர்ந்திருக்குமென்பது அத்தடை. இஃது ஓரளவிற்குப் பொருந்தும். தமிழ்ப் புலமையின்றி ஆங்கிலம் மாத்திரம் ஆராய்ச்சியைத் தந்திராது என்பதற்கு இது நல்ல சான்று. ஆயினும் நாவலர் மெதடிஸ்த பாடசாலையிற் பயின்று, பேர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பிற் பல்லாண்டு உழைத்தவர் என்பதையும், சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியிலே ஆங்கிலம் வல்ல ஆசிரியர்களோடு பழகியவர் என்பதையும் மறத்தலாகாது. இரு கல்வியும் சந்தித்த இடங்களிலேயே பதிப்புக்கலை தழைத்தது.

செமினரி மூடப்பட்ட காரணமும் நோக்கற்பாலது. செமினரியின் கல்வித்தரத்தைச் சேர் எமர்சன் ரெனன்ற் 1850ஆம் ஆண்டு வெளியான தம் நூலிலே வியந்து போற்றியிருந்தார். ஆயின், ஐந்தாண்டு கழியுமுன், அமெரிக்காவிலிருந்து வந்த ருபஸ் அன்டர்சன் முதலியோர் குழு, செமினரி தன் நோக்கத்தில் வழுவியதென முடிவு செய்தது. கற்றுத் தேறிய மாணவர் ஊழியஞ் செய்யாது அரசாங்க உத்தியோகத்தையும் கோப்பித் தோட்டக் கணக்கு வேலையையும் நாடுகின்றனர். ஆங்கிலமே அதற்குக் காரணம். ஆதலால் ஊழியர்க்குத் தாய்மொழிக் கல்வியே போதும் என்பது அவர்தம் கருத்து. 1855ஆம் ஆண்டிலே செமினரி மூடப்பட்டது. தாய்மொழிக் கல்வி என்னும் சொல் கேட்டற்கு இனியதே. ஆயினும், அன்று அது தமிழை உயர்த்துதற்காகச் சொல்லப்படவில்லை. தமிழ் மாணவர் எத்துணை கற்றல் வேண்டுமென்பதற்கு எல்லை கட்டுதற்காகவே சொல்லப்பட்டது. ஆங்கிலத்தோடு வானநூலும் உயர்கணிதமும் தருக்கமும் பயிலும் வாய்ப்பும் அங்கு ஒழிந்தது. பழைய மாணவரின் வேட்கையினாலும் முயற்சியினாலும் 1872ஆம் ஆண்டு யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றும் வரை அக்குறை நீங்கவில்லை.

மறுபுறத்திலே ஆங்கிலம் வேண்டுவோர் சமயத்தை விலையாகக் கொடுக்கவேண்டியிருந்த இழிநிலை சைவ மக்களை வருத்தியது. அதனை நீக்கும்பொருட்டு நாவலர் 1872ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையிற் சைவாங்கில வித்தியாசாலையை நிறுவினார். அதன் தலைமையாசிரியராயமைந்தவர், ஒருகாலத்தில் நாவலரை எதிர்த்து எழுதிப் பின்னர்ச் சைவந் திரும்பிய கறல் விசுவநாதபிள்ளையே. பொருள் முட்டுப்பாட்டால் அப்பாடசாலை சில ஆண்டுகளில் நின்றது. நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை தம் முதுமையிலே தொடங்கிய ஆங்கிலப் பாடசாலை கைமாறி, 1890ஆம் ஆண்டு சைவபரிபாலன சபையினரால் ஏற்கப்பட்டு யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாக வளர்ந்தது. சைவர்களை மாற்றுதற்கென எழுந்த கலைக்கூடத்தின் மாணவரே சைவர்தம் ஆங்கிலக் கல்விக்கு வித்திட்டனர். கல்வியின் விளைவு கற்பிப்போர் கருத்துக்குள் அடங்குவதன்று என்பதற்கு இதனின் மிக்க சான்று வேண்டா.

இவ்வரலாற்றினின்றும் இக்கால மாணவர் அறியத்தக்கன சில உள. இலவசக் கல்வி 1945ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்து, பயிற்றுமொழி படிப்படியாகத் தாய்மொழியானபின், ஆங்கிலம் ஒரு பாடமாக ஒடுங்கியது. அதனாற் பல்லாயிரவர்க்கு உயர்கல்வியின் கதவு திறந்தது, அது பெரும்பேறு. ஆயினும் இன்று மாணவருட் பலர் ஆங்கிலத்தைத் தேர்வுக்கும் தொழிலுக்கும் வேண்டப்படும் ஒரு கருவியென்றும், தமிழைப் புள்ளி பெறுதற்கு எளிய பாடமென்றும் கருதுகின்றனர். இரண்டுக்கும் இடையே தொடர்பு காண்பார் சிலரே. செமினரி மாணவர் இருமொழியையும் ஒரே மேசையில் வைத்துப் பயின்றனர். ஆங்கிலப் பாடத்திற் கற்ற ஒரு பகுதியைத் தமிழிற் பெயர்த்தலும், தமிழ்ப் பாடத்திற் கற்ற ஒரு செய்யுளின் பொருளை ஆங்கிலத்தில் விளக்குதலும் எவ்வகுப்பிலும் இயலக்கூடிய பயிற்சிகள். இவற்றுக்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. இரு பாடங்களின் ஆசிரியர்களும் கலந்து பேசுதலே வேண்டும்.

ஆராய்ச்சியென்பது பல்கலைக்கழகத்துக்கே உரியது என்னும் எண்ணமும் ஒழிதல் வேண்டும். ஊர்ப்பெயர்களும் வயற்பெயர்களும், உழவரும் கடற்றொழிலாளரும் தச்சரும் வழங்கும் தொழிற்சொற்களும், மூதாட்டியர் நாவிலே மாத்திரம் உயிர்வாழும் தாலாட்டும் ஒப்பாரியும், கோயிற் சாசனங்களும், பழைய உறுதிகளும் ஒவ்வொரு மாணவனது வீட்டு வாயிலிலும் கிடக்கும் ஆராய்ச்சிப் பொருள்கள். சொல்லியவர் வயதும் ஊரும் குறித்து, கேட்டதைக் கேட்டவாறே எழுதி, இரண்டாமவர் ஒருவரிடம் ஒப்புநோக்கி வைத்தல் உயர்வகுப்பு மாணவனுக்கு அரியதன்று. தாமோதரம்பிள்ளை ஏடுகளிடத்துச் செய்ததும் இதுவேயாம்.

இதிற் காலந்தாழ்த்தல் தகாது. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியுண்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களோடு பிரதியில்லா ஏட்டுச் சுவடிகளும் அழிந்தன. முன்னரே அச்சேறியிருந்தவை வேறிடங்களில் எஞ்சின, அச்சேறாதவை மீளவில்லை. அதன்பின் நிகழ்ந்த இடப்பெயர்வுகளிலே வீடுகளிற் பேணப்பட்ட ஏடுகளும் கடிதங்களும் குறிப்பேடுகளும் எத்துணையோ மறைந்தன. இன்று எழுத்திற் பதியப்படாத சொல்லும் பாடலும், அவற்றை அறிந்த முதியோரோடு நாளை மறையும். பட்டங்களும் பதவிகளும் பெற்ற செமினரி மாணவர் பலருடைய பெயரை இன்று அறிவாரில்லை. தம் மொழியில் ஓர் அகராதிக்குச் சொற்றேடியவரும், ஒரு புலவன் வரலாற்றைக் குறித்துவைத்தவரும், சிதைந்த ஓர் ஏட்டைப் படியெடுத்தவருமே நிலைத்துள்ளனர். மாணவர் இதனை உளங்கொண்டு, கற்ற ஆங்கிலத்தையும் பெற்ற தமிழையும் ஒருங்கே கொண்டு இப்பணியிற் புகுவாராக.